ஊரார் பேச்சு பதிவில் கேட்க வேண்டும்
(கிராம சபை ஒளிப்பதிவில் ஒலிவாங்கியை வைக்கும் முறை)

கிராமப் பஞ்சாயத்தின் ஆணிவேர் கிராம சபையேயாகும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊரின் வாக்காளர் ஒவ்வொருவரையும் அச்சபையின் உறுப்பினராக்கியிருக்கிறது. ஆண்டுக்கு நான்கு முறை கூடி வந்த சபை, 2022ஆம் ஆண்டு முதல் ஆறு முறை கூட வேண்டுமென மாநில அரசு வகுத்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்நாட்கள்.

இக்கூட்டங்களை வீடியோவில் பதிவு செய்யும் வழக்கம் இப்பொழுது பரவி வருகிறது. அது நல்ல வழக்கமே. எனினும் பதிவானதைப் பின்னர் போட்டுப் பார்ப்போர் பல ஊர்களில் ஒரே குறையைக் காண்கின்றனர். படம் தெளிவாக இருக்கிறது. பேசுவோர் வாயசைவது தெரிகிறது. ஆனால் என்ன பேசினார் என்பது விளங்குவதில்லை. மேடையில் அமர்ந்தவர் பேச்சு ஓரளவு கேட்கிறது. மக்கள் நடுவே எழுந்து நின்று தம் குறையைச் சொன்னவர் பேச்சோ காற்றிலும் இரைச்சலிலும் கரைந்து போகிறது. கிராம சபை யாருக்காகக் கூடுகிறதோ அவர்களுடைய குரலே பதிவில் இல்லாமற் போவது எவ்வளவு பெரிய குறை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இக்குறைக்குக் காரணம் பெரும்பாலும் கருவியின் மலிவன்று. ஒலிவாங்கியை, அதாவது நாம் 'மைக்' என்று வழங்கும் கருவியை, வைக்க வேண்டிய இடத்தில் வையாமையே காரணம். திருப்பூர் வட்டாரத்து ஊர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்த இடத்தைத் தெரிந்தெடுக்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

சொல் தெளிவு ஏன் வேண்டும்?

தீர்மானப் புத்தகம் சபையின் முடிவைச் சொல்லும். அம்முடிவுக்கு முன் யார் என்ன கூறினார், எந்தக் கிணறு, எந்த வாய்க்கால், எந்த ஆண்டு என்னும் விவரமெல்லாம் அதில் அடங்குவதில்லை. அவ்விவரம் நாளடைவில் பெருமதிப்புப் பெறக்கூடும். நொய்யலாற்றுப் பாசன உழவர்களின் வரலாறு இதற்குச் சான்று. 1992ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில், பாசனத்துக்கான நல்ல நீருக்குப் பதிலாகச் சாயக்கழிவு கலந்த நீர் தேங்கியது. ஆயக்கட்டு உழவர்களின் சங்கம் நீதிமன்றத்தை நாடியது. சாயப்பட்டறைகள் கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடலாகாது என்னும் நெறி ஏற்பட்டது. அது நிறைவேறாமையால், 2011 ஜனவரி 28ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. இத்தகைய வழக்குகளில், கிணற்று நீர் எப்பொழுது நிறம் மாறியது, எந்தப் பயிர் எவ்விடத்தில் கருகியது என்று நிலத்துக்குரியவர் சொல்லும் சொல்லே முதற் படியாகும். அச்சொல் ஊர்ச் சபையில் சொல்லப்பட்ட நாளிலேயே தெளிவாகப் பதிவாகியிருப்பின், பின்னால் 'அன்றே சொன்னோம்' என்று எடுத்துக் காட்டலாம்.

மற்றொரு காரணமும் உண்டு. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025 ஆகஸ்டு மாதத்தில் 'சபாசார்' என்னும் முறையைத் தொடங்கியது. கூட்டத்தின் ஒலிப்பதிவையோ ஒளிப்பதிவையோ கொடுத்தால், கணிப்பொறியே அதைக் கேட்டு நடவடிக்கைக் குறிப்பை எழுதித் தரும். தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்கு இவ்வசதி அமைந்திருக்கிறது. ஆயின், ஒலிவாங்கிக்குக் கேளாத சொல் கணிப்பொறிக்கும் கேளாது. நாம் மங்கலான பதிவைக் கொடுத்தால் அது தவறான குறிப்பைத் திருப்பித் தரும்.

தமிழில் இத்தவறு எளிதில் நேரும். உயிரெழுத்துக்களின் ஓசை பலமானது; தொலைவிலும் கேட்கும். மெய்யெழுத்துக்களின் ஓசையோ மெல்லியது. இரைச்சலில் முதலில் மறைவது அதுவே. 'வழி' என்பது 'வலி' ஆகலாம். 'குளம்' என்பது 'குலம்' ஆகலாம். 'எழுபது' என்பது 'எண்பது' ஆகலாம். 'குளத்து வழியை அடைத்துவிட்டார்கள்' என்னும் முறையீட்டில் இரண்டு எழுத்து மாறினால் பொருள் என்னவாகும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

முதல் விதி: தூரம்

ஒலிப்பதிவுக் கலை முழுவதையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டுமாயின், அச்சொல் 'தூரம்' என்பதே. திறந்த வெளியில், வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் ஒலியின் அளவு 6 டெசிபெல் குறைகிறது. டெசிபெல் என்பது ஒலியை அளக்கும் அலகு.

ஒருவர் இயல்பாகப் பேசும்போது, 1 மீட்டர் தூரத்தில் அவர் குரல் ஏறத்தாழ 60 டெசிபெல் இருக்கும். அருகில் ஓடும் விசைத்தறியினாலும் சாலைப் போக்குவரத்தினாலும் கூட்ட இடத்தில் 55 டெசிபெல் இரைச்சல் இருப்பதாகக் கொள்வோம். இப்பொழுது இரண்டு நிலைகளை ஒப்பிடுவோம்.

(அ) 4 மீட்டருக்கு அப்பால் முக்காலியில் நிறுத்திய செல்பேசியே படத்தையும் ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. அவ்விடத்தில் குரலின் அளவு 48 டெசிபெல். இரைச்சல் 55 டெசிபெல். இரைச்சல் குரலை விட 7 டெசிபெல் மிகுதி. எனவே பேச்சு விளங்காது.

(ஆ) படம் எடுக்கும் கருவி அதே இடத்தில் இருக்கிறது. ஒலிவாங்கி மட்டும் பேசுபவர் வாயிலிருந்து 25 சென்டிமீட்டர், அதாவது சாணைவிடச் சற்றுக் கூடிய தூரத்தில் இருக்கிறது. அங்கே குரல் 72 டெசிபெல். இரைச்சல் அதே 55. குரல் 17 டெசிபெல் மிகுதி. வகுப்பறையில் ஆசிரியர் குரல் இரைச்சலை விட 15 டெசிபெலாவது மிகுந்திருக்க வேண்டும் என்பது ஒலியியலார் பரிந்துரை. அவ்வளவையும் தாண்டி இக்குரல் தெளிவாக நிற்கும்.

ஆள் மாறவில்லை, இரைச்சல் குறையவில்லை, விலையுயர்ந்த கருவி வாங்கவில்லை. தூரத்தைக் குறைத்ததே மாறுதல் அனைத்துக்கும் காரணம். பதிவான பின் ஒலியைக் கூட்டிக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணுவர். கூட்டினால் குரலோடு இரைச்சலும் சேர்ந்தே கூடும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மாறாது. பதரும் நெல்லும் கலந்த மூட்டையைப் பெரிதாக்கினால் நெல் பிரியுமா?

ஆகவே, படக்கருவிக்கு நல்ல இடம் வேறு, ஒலிவாங்கிக்கு நல்ல இடம் வேறு என்பதை மனத்தில் இருத்த வேண்டும். கண் தொலைவிலிருந்து காணலாம். காது அருகில் செல்ல வேண்டும்.

எந்த ஒலிவாங்கியை எங்கே வைப்பது?

கையில் பிடிக்கும் மைக்: மைக்செட்டுகளில் வழக்கமாக வருவது இதுவே. வாயிலிருந்து நான்கு விரற்கடை முதல் அரைச்சாண் வரையிலான தூரத்தில், மோவாய்க்குச் சற்றுக் கீழே, வாயை நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வாய்க்கு நேர் எதிரே வைத்தால் 'ப' போன்ற எழுத்துக்களை ஒலிக்கும்போது மூச்சு நேரே மோதிப் 'பொத்'தென்ற ஓசை எழும். மைக்கின் தலைப்பகுதியிலுள்ள வலைக்கூட்டைக் கையால் மூடிப் பிடித்தலாகாது. இவ்வகை மைக் பெரும்பாலும் முன்பக்க ஒலியை நன்கு வாங்கி, பின்பக்க ஒலியை ஒதுக்கும்படி அமைக்கப்பட்டது; மூடிப் பிடித்தால் அவ்வியல்பு கெட்டு, கூவலும் எழும்.

சட்டையில் குத்தும் காலர் மைக்: மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே, மார்பின் நடுவில் குத்த வேண்டும். துண்டு, சேலை முந்தானை, தாலிச் சங்கிலி, அடையாள அட்டை ஆகியவை உரசாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பியில்லாக் காலர் மைக்கானால், அதற்கும் அதன் ஒலியை ஏற்கும் கருவிக்கும் இடையே மனிதர் உடல் மறைத்து நிற்றலாகாது. இக்கருவிகளிற் பல பயன்படுத்தும் வானொலி அலையை உடல் தடுத்துவிடும்.

மேசை மைக்: தலைவர், தனி அலுவலர், செயலர் போன்று ஓரிடத்தில் அமர்ந்து பேசுவோருக்கு இது ஏற்றது. மேசையின் மீது நேரே வைத்தால் தாள் புரளும் ஓசையும் பேனா தட்டும் ஓசையும் ஏறும். அடியில் நான்காக மடித்த பனியன் துணியை வைத்தால் அது பெரிதும் குறையும்.

மைக் மக்களிடம் செல்ல வேண்டும்

மக்கள்தொகைக்கு ஏற்பக் கிராம சபைக்குக் குறைந்த வருகை வரம்பு உண்டு. 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். நூறு பேர் அமர்ந்தாலே கடைசி வரிசை மேடையிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் விலகிவிடும். அங்கிருந்து எழுந்து பேசும் மூதாட்டியின் குரல் மேடை மைக்கை எட்டாது. மேடைக்கு வந்து பேசுங்கள் என்றால் பலர் கூச்சத்தால் பேசாமலே இருந்துவிடுவர்.

எனவே, மைக்கை எடுத்துச் சென்று பேசுவோரிடம் கொடுப்பதற்கென்றே ஓர் இளைஞரையும் ஒரு பெண்ணையும் நியமித்தல் நலம். மகளிர் சுய உதவிக் குழுவினர் இப்பணிக்கு மிகவும் ஏற்றவர்கள். அமர்வோர் நடுவே ஆள் நடக்க ஒரு வழி விட வேண்டும். கம்பி மைக்கானால் 20 அல்லது 25 மீட்டர் கம்பி வேண்டும். அக்கம்பியை மின்சாரக் கம்பியோடு இணையாக ஓட விட்டால் 'ம்ம்ம்' என்ற முனகல் பதிவில் ஏறும். இரண்டும் குறுக்கிட நேர்ந்தால் சிலுவைபோல் நேர்க்கோணத்தில் கடக்கச் செய்ய வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மைக் மட்டுமே திறந்திருக்க வேண்டும். ஒரே குரலை இரண்டு மைக்குகள் வெவ்வேறு தூரத்திலிருந்து வாங்கினால், அவ்வொலி குடத்துக்குள் பேசியது போல் கேட்கும். இரண்டும் திறந்திருக்க வேண்டிய கட்டாயம் நேர்ந்தால், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இரு மைக்குகளுக்கும் இடையே இருக்கட்டும்.

பேசத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் பெயரையும் குக்கிராமத்தையும் கூறட்டும். புல எண், தொகை, ஆண்டு போன்ற எண்களை இரு முறை கூறட்டும். இவ்வொழுக்கம் பதிவுக்கும் நல்லது, செயலருக்கும் உதவி.

ஒலிபெருக்கியும் கூவலும்

மைக்கில் ஏறிய ஒலி குழாய் ஒலிபெருக்கி வழியே வெளிவந்து, மீண்டும் அதே மைக்கில் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுவதே நாம் கேட்கும் 'கூ' என்னும் கூவலுக்குக் காரணம். ஒலிபெருக்கியை மைக்குக்கு முன்னால், மக்களை நோக்கி வைக்க வேண்டும். மைக்கின் முதுகு ஒலிபெருக்கியை நோக்கியிருக்க வேண்டும். மைக் மக்களிடையே செல்லும்போது ஒலிபெருக்கியின் எதிரே சென்றுவிட நேரும். அவ்வேளையில் மைக்செட்காரர் ஒலியைச் சிறிது குறைக்கட்டும். ஒரே குழாயை அலற விடுவதைவிட, சிறிய பெட்டிகள் இரண்டை இரு பக்கமும் மெல்ல ஒலிக்க விடுவது நன்று.

ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலியைச் செல்பேசியில் பிடிப்பது நல்ல முறையன்று. மைக்செட்டின் ஆம்பிளிஃபயரில் 'லைன் அவுட்' என்னும் துளை இருப்பின், அதிலிருந்து உரிய கம்பி வழியே ஒலிப்பதிவுக் கருவிக்கு நேரே ஒலியைக் கொடுக்கலாம். அவ்வொலியின் பலம் மிகுதியாதலால், கருவியின் மைக் துளையில் நேரே செருகினால் ஒலி உடைந்து கரகரக்கும். 'லைன் இன்' என்று குறித்த துளையில் செருகுவதோ, இடையே ஒலியைத் தணிக்கும் இணைப்பை வைப்பதோ வேண்டும்.

நாளுக்கேற்ற எச்சரிக்கை

சபை கூடும் ஆறு நாட்களும் ஒலியைப் பொறுத்தமட்டில் ஒரே தன்மையுடையன அல்ல. பல்லடம், மங்கலம், சோமனூர்ப் பக்கங்களில் விசைத்தறி ஓசை இல்லாத ஊர் அரிது. நாடாத் தறிகள் ஓடும் தறிக்குடோனுக்குள் 90 டெசிபெலுக்கு மேல் இரைச்சல் இருக்கும். சுவரைத் தாண்டியும் அது தெருவை நிரப்பும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் தொழிலகங்களுக்குச் சட்டப்படி விடுமுறை நாட்கள். அன்று பனியன் கம்பெனிகள் பொதுவாக ஓய்ந்திருக்கும். மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களுக்கு அவ்விதி இல்லை. கிழமையைப் பொறுத்து எந்திரங்கள் ஓடக்கூடும். எனவே அவ்விரு நாட்களிலும் கூட்ட இடத்தைத் தறிக்குடோனுக்கு எட்டத் தேர்ந்தெடுப்பதும், மக்களின் முதுகன்றி மைக்கின் முதுகு தறிப்பக்கம் இருக்குமாறு பார்த்துக்கொள்வதும் அவசியம். அருகிலுள்ள தறி உரிமையாளரிடம் கூட்ட நேரத்துக்கு மட்டும் ஓட்டத்தை நிறுத்தும்படி அன்புடன் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. அவரும் சபையின் உறுப்பினரே.

ஆகஸ்டு 15 காற்றுக் காலம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பியே பல்லடம், உடுமலை, தாராபுரம் பகுதிகளில் காற்றாலைகள் நிற்கின்றன. அக்காற்று ஒலிவாங்கியின் மேல் மோதினால், குரலை மூழ்கடிக்கும் உறுமல் எழும். மைக்கின் தலைக்குப் பஞ்சு உறை, அதாவது ஸ்பாஞ்சு உறை, கட்டாயம் போட வேண்டும். பலத்த காற்றில் உறையின் மேல், சடைபோல் நூல் தொங்கும் மென்துணி உறையையும் அணிவிக்கலாம். கெட்டியான துணியைச் சுற்றினால் மெய்யெழுத்தின் கூர்மை மங்கிவிடும். பேசுபவர் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் அவர் உடலே காற்றைத் தடுக்கும்.

மே 1 வெயில் நாள். பந்தலில் வைக்கும் நின்றாடும் மின்விசிறி மைக்கை நோக்கி வீசலாகாது. மக்களை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும்.

நவம்பர் 1 மழைக் காலம். கூட்டம் சமுதாயக் கூடத்துக்குள் நடைபெறலாம். வெறுஞ்சுவரும் ஓட்டுத்தரையும் உள்ள கூடத்தில் ஒலி எதிரொலித்து ஒரு சொல் மறுசொல்லின் மேல் ஏறும். தகரக்கூரையானால் மழையோசையும் சேரும். இதற்கும் முதல் மருந்து மைக்கை அருகில் கொண்டு செல்வதே. அத்துடன் தரையில் ஜமுக்காளம் விரித்து, சுவரோரம் கனத்த துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் எதிரொலி தணியும். பின்னலாடை ஊரில் துணிக்குப் பஞ்சமில்லை. ஏற்றுமதியில் கழிந்த துணிச்சுருளை ஒரு நாளைக்கு இரவல் பெற்றாலும் போதும்.

தனி ஒலிவாங்கி இல்லாத ஊரில்

மைக்செட் வாடகைக்குக் கிடைக்காத சிற்றூரிலும் வழி இருக்கிறது. செல்பேசிகள் இரண்டை எடுத்துக்கொள்க. ஒன்று தொலைவில் நின்று படம் எடுக்கட்டும். மற்றொன்றில் ஒலிப்பதிவை மட்டும் தொடங்கி, அழைப்புகள் வாராதபடி 'விமான நிலை'யில் வைத்து, பேசுவோர் கையில் மைக் போலவே கொடுக்க வேண்டும். பெரும்பாலான செல்பேசிகளில் ஒலிவாங்கித் துளை அடிவிளிம்பில் இருக்கிறது. அது வாயை நோக்கியிருக்க வேண்டும். விரல் அதை மூடலாகாது.

இரண்டையும் ஓட விட்டபின், படக்கருவியின் முன் ஒரு முறை பலமாகக் கைதட்ட வேண்டும். பின்னர் கணிப்பொறியில் இணைக்கும்போது, படத்தில் கைகள் சேரும் கணத்தையும் ஒலியில் தட்டோசை எழும் கணத்தையும் பொருத்திவிட்டால், பேச்சும் வாயசைவும் ஒன்றிவிடும். திரைப்படம் எடுப்போர் பலகையைத் தட்டுவதன் பொருளும் இதுவே.

கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டுவன

1. முந்தின நாளே கூட்ட இடத்தில், கூட்ட வேளையில், இரண்டு நிமிடம் கண்ணை மூடி நின்று கேட்க. எந்த இரைச்சல் எப்பக்கமிருந்து வருகிறது என்பதை அறிக.

2. மின்கலங்களை முழுதும் மின்னேற்றி, மாற்றுக் கலமும் வைத்துக்கொள்க.

3. கடைசி வரிசையில் ஒருவரை நிறுத்தி மைக்கைக் கொடுத்து, 'குளத்து வழி, குழாய் வரி, எழுபத்தேழு' என்று சொல்லச் செய்து அரை நிமிடம் பதிவு செய்க. காதில் மாட்டும் ஹெட்போனில் உடனே கேட்க. மூன்றும் ஐயமின்றி விளங்கினால் இடம் சரி. இல்லையேல் மைக்கை இன்னும் அருகில் கொண்டு செல்க.

4. ஒலியளவு காட்டும் கருவியில், உரத்த பேச்சும் உச்சக்கோட்டைத் தொடாதபடி இடம் விட்டு வைக்க. உச்சத்தில் உடைந்த ஒலியைப் பின்னர் செம்மைப்படுத்துதல் அரிது.

5. பதிவு நடைபெறுகிறது என்பதைக் கூட்டத் தொடக்கத்தில் அனைவருக்கும் அறிவிக்க.

6. முடிந்தவுடன் பதிவுக்கு ஊராட்சியின் பெயரும் நாளும் இட்டு, இரண்டு இடங்களில் படி எடுத்து வைக்க.

உறுப்பினர்களுக்குப் பயிற்சி

அடுத்த கூட்டத்துக்குமுன் உறுப்பினர் நால்வர் சேர்ந்து ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே ஆள், ஒரே குரலில், ஒரே வாக்கியத்தைப் பேசட்டும். செல்பேசியை ஒரு சாண் தூரத்திலும், 1 மீட்டரிலும், 4 மீட்டரிலும் வைத்து மும்முறை பதிவு செய்க. அவ்வாக்கியத்தை அறியாத ஒருவரிடம் மூன்றையும், தொலைவில் எடுத்ததை முதலாகக் கொண்டு, கேட்கக் கொடுத்து எழுதச் சொல்க. அவர் எழுதியதை ஒப்பிட்டுப் பார்த்தால், இப்பாடம் முழுவதும் ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

பஞ்சாயத்து வானொலிப் பெட்டியைச் சூழ்ந்தமர்ந்து, நகரம் பேசுவதை ஊர் கேட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று ஊர் பேசுவதை அலுவலகமும் நீதிமன்றமும் கேட்கக்கூடிய வசதி வந்திருக்கிறது. வரும் கிராம சபையில் கடைசி வரிசையில் எழுந்து நிற்பவரிடம் மைக் போய்ச் சேருவதை ஒவ்வோர் உறுப்பினரும் தம் பொறுப்பாகக் கொள்வாராக.